‘பதிவு செய்யாவிட்டால் ரூ.250 கோடி அபராதம்’... தரவுப் பாதுகாப்பு பெயரில் கடைக்கு லெட்டர் வந்தால் என்ன செய்யணும்?

‘தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் நிறுவனம் இன்னும் பதிவு செய்யப்படவில்லை. 7 நாட்களுக்குள் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யாவிட்டால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கப்படும்.’

இப்படி ஒரு கடிதம் தபாலில் வந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வந்தாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மளிகைக் கடையோ, மெடிக்கலோ, கமிஷன் மண்டியோ தரவுப் பாதுகாப்புக்காகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று இந்தியச் சட்டத்தில் எங்கேயும் சொல்லப்படவில்லை. பதிவே கிடையாது என்கிறபோது பதிவுக் கட்டணமும் கிடையாது.

ஆனால் அந்தச் சட்டம் உண்மையானது. ரூ.250 கோடி என்கிற தொகையும் உண்மையானது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கடிதத்தில் பாதி நிஜமாக இருப்பதால்தான் மீதிப் பாதியையும் நம்பத் தோன்றுகிறது.

வடுகபட்டி மண்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் வடுகபட்டி பூண்டு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். கொடைக்கானல் மேல்மலையில் விளையும் மலைப்பூண்டு இறங்குவது இங்கேதான். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. வெளிமாநிலப் பூண்டும் வருகிறது. வெளியூர் வியாபாரிகள், மேல்மலை விவசாயிகள், லாரிக்காரர்கள், தரம் பிரிக்கும் பெண்கள், சுமை தூக்குபவர்கள் என்று ஒரு மண்டிக்காரரின் போனில் நூற்றுக்கணக்கான பேரின் நம்பர் இருக்கும். விவசாயிக்குப் பணம் போட வங்கிக் கணக்கு எண் வாங்கி வைத்திருப்பார். சிலரிடம் ஆதார் நகலே வாட்ஸ்அப்பில் கிடக்கும். காலையில் அன்றைய விலையை குரூப்பில் போடுவது இப்போது சாதாரண விஷயம்.

சட்டத்தின் மொழியில் சொன்னால் இது எல்லாமே ‘டிஜிட்டல் தனிநபர் தரவு’. அதனால் கடிதம் வந்ததும், ‘நம்மகிட்டயும் இதெல்லாம் இருக்கே’ என்று பயம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சிறு வியாபாரி என்றாலே பதிவு எண்களோடு வாழ்பவர். ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், பேரூராட்சி உரிமம், தொழில் வரி, தராசுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை என்று ஏற்கனவே வரிசையாக இருக்கிறது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவருக்கு நறுமணப் பொருட்கள் வாரியத்தின் உரிமமும் கூடுதலாக வேண்டும். இத்தனை இருக்கும்போது ‘புதுசா ஒண்ணு வந்திருக்கு போல’ என்று நினைப்பது இயல்புதான். கேட்கிற தொகையும் சில ஆயிரங்களாக இருந்தால், ‘கட்டித் தொலைச்சிருவோம், எதுக்கு வம்பு’ என்று முடித்துவிடுவார்கள். இந்த வகைக் கடிதங்களை அனுப்புகிறவர்கள் எதிர்பார்ப்பதும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

பிரிட்டனில் நடந்தது என்ன?

இந்த வித்தை புதிதல்ல. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் நிறுவனங்கள் பல, அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கான ஆண்டுக் கட்டணம் 35 பவுண்டு.

சட்டம் வந்த கொஞ்ச காலத்திலேயே சலூன், கார் மெக்கானிக், சின்ன டீக்கடை என்று எல்லோருக்கும் கடிதங்கள் போக ஆரம்பித்தன. அரசு அலுவலகம் என்று நினைக்க வைக்கும் பெயர், சட்டத்தின் பெயர், பதியாவிட்டால் வழக்கு வரும், 5,000 பவுண்டு அபராதம் வரும் என்ற எச்சரிக்கை, உடனே பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லி ஒரு படிவம். கேட்ட தொகை 95 பவுண்டு, சில கடிதங்களில் அதற்கும் மேல். அனுப்பியவர்கள் தனியார் நிறுவனங்கள். அரசுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

35 பவுண்டு வேலைக்கு இரண்டு, மூன்று மடங்கு பணம் பறித்தது ஒரு பக்கம். கடிதம் போன கடைகளில் பலவற்றுக்குப் பதியும் கட்டாயமே இல்லை என்பது இன்னொரு பக்கம். சம்பளம், கணக்குவழக்கு, சொந்தக் கடை விளம்பரம் ஆகியவற்றுக்கு மட்டும் விவரங்களை வைத்திருந்தால் அங்கே விலக்கு உண்டு. அதைக் கடிதம் சொல்லவில்லை. தகவல் ஆணையர் அலுவலகம் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டது. வர்த்தக நேர்மையைக் கண்காணித்த அரசு அமைப்பும் தவறான விளம்பரத் தடை விதிகளின்கீழ் நடவடிக்கையில் இறங்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2019 நவம்பரில் அந்தத் தகவல் ஆணையர் அலுவலகமே, பதிவான நிறுவனங்களுக்குக் கட்டணத்தை நினைவூட்டிக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. இந்த முறை கடிதம் உண்மையானது. ஆனால் வாங்கிய பலருக்கு ‘இதுவும் டுபாக்கூரா’ என்றுதான் சந்தேகம் வந்தது. பொய்க் கடிதங்கள் உண்மைக் கடிதத்தின் மதிப்பையும் சேர்த்தே கெடுத்துவிட்டன.

லண்டனில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே கட்டணம் இப்போதும் உண்டு. 2025 பிப்ரவரி 17 முதல் மிகச் சிறிய நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 52 பவுண்டு, அடுத்த நிலைக்கு 78 பவுண்டு. திருட்டைத் தடுக்கக் கடையில் சிசிடிவி வைத்திருந்தால் பொதுவாகக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கட்ட வேண்டிய இடம் தகவல் ஆணையர் அலுவலகத்தின் சொந்த இணையதளம். நடுவில் வேறு யாரும் தேவையில்லை.

ஜெர்மனியில் ஃபேக்ஸ் வழியாக...

2018 மே 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஜெர்மனியில் சிறு நிறுவனங்களுக்கு ‘அவசரம்’ என்று தலைப்பிட்ட ஃபேக்ஸ்கள் வந்தன. அனுப்பியவர் பெயர் ஏதோ மத்திய தகவல் மையம் போல இருந்தது. சட்டப்படி உங்கள் கடமையை நிறைவேற்ற இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டுக் குறிப்பிட்ட தேதிக்குள் திருப்பி அனுப்புங்கள், அனுப்புவது இலவசம் என்றது வாசகம்.

அனுப்புவது இலவசம்தான். கையெழுத்துப் போட்டால்தான் காசு. கீழே பொடி எழுத்தில் இருந்தது ஒரு ஒப்பந்தம்: ஆண்டுக்கு 498 யூரோ, வரி தனி, 3 ஆண்டுக்கு. கூட்டினால் 1,494 யூரோ. பதிலுக்குக் கிடைப்பது சில படிவங்களும் வழிகாட்டிக் குறிப்புகளும் மட்டுமே.

பிரிட்டனில் நடந்ததைவிட இது ஒரு படி கெட்டிக்காரத்தனமானது. ‘கட்டணம் கட்டு’ என்று நேரடியாகச் சொல்லாமல், கடை விவரத்தைச் ‘சரிபார்க்கச்’ சொல்லிக் கையெழுத்து வாங்கி, பிறகு அதையே ஒப்பந்தம் என்று காட்டுவது. யாராவது நம் ஊரில் படிவம் நீட்டி ‘சும்மா வெரிஃபிகேஷன்தான் அண்ணே, ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்றால் இந்த ஃபேக்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இதே பாணி எங்கே இருக்கிறது?

உத்யம் பதிவு நல்ல உதாரணம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான இந்தப் பதிவு 2020 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. ஆதார் எண் தேவை. ஆவணம் எதையும் அப்லோடு செய்யத் தேவையில்லை. ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசின் தளத்தையும் அரசின் ஒற்றைச் சாளர வசதிகளையும் தவிர வேறு எந்தத் தனியார் இணையதளத்துக்கும், ஏஜென்சிக்கும், நபருக்கும் இந்தப் பதிவைச் செய்ய அதிகாரம் இல்லை என்று அமைச்சகமே அறிவித்திருக்கிறது.

ஆனாலும் கூகுளில் தேடிப் பாருங்கள். அசல் தளம் போலவே கலர், அசோகச் சின்னம் மாதிரி ஒரு படம், உத்யம் என்று பெயர் கலந்த முகவரி, கடைசிப் பக்கத்தில் ‘கட்டணம் செலுத்தவும்’. ‘இது தனியார் ஆலோசனைத் தளம்’ என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி நாளைக்கு வழக்கு வந்தால் தப்பிப்பதற்காகப் போட்டது. படிப்பதற்காகப் போட்டதல்ல.

இலவசமாக இருப்பதற்கே இப்படிக் காசு வாங்க முடிகிறது என்றால், இல்லவே இல்லாத ஒரு பதிவுக்குக் காசு கேட்பது எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2023 ஆகஸ்ட் 11. விதிகள் வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 2025 நவம்பர் 13 தேதியிட்டு விதிகள் அறிவிக்கப்பட்டன.

எல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது தொடர்பான பகுதி உடனே. ‘ஒப்புதல் மேலாளர்’ என்கிற இடைநிலை நிறுவனங்களுக்கான பகுதி ஓராண்டு கழித்து, அதாவது 2026 நவம்பரில். கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி என்று பொதுவாக எல்லோரையும் பிடிக்கும் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து. அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி அது 2027 மே மாதம். ‘7 நாளில் கெடு’ என்று வரும் கடிதத்தை இந்தத் தேதிகளோடு வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பதிவு என்ற சொல் சட்டத்தில் இல்லாமல் இல்லை. அந்த ‘ஒப்புதல் மேலாளர்’ நிறுவனங்கள் வாரியத்தில் பதிய வேண்டும். மக்கள் யாருக்கெல்லாம் தங்கள் விவரங்களைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பதை நிர்வகித்துத் தரும் நிறுவனங்கள் அவை. இந்தியாவில் பதிவான கம்பெனியாக இருக்க வேண்டும், நிகர மதிப்பு குறைந்தது ரூ.2 கோடி இருக்க வேண்டும். வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருப்பவர் இந்தக் கணக்கில் வர மாட்டார். கடிதத்தில் ‘வாரியத்தில் பதிவு கட்டாயம்’ என்று ஒரு விதி எண்ணைச் சுட்டிக்காட்டியிருந்தால், இந்தப் பகுதியைத்தான் வெட்டி எடுத்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிய அளவில் தரவுகளைக் கையாளும் சில நிறுவனங்களை ‘முக்கியத் தரவு நிறுவனம்’ என்று மத்திய அரசு தனியாக அறிவிக்கலாம். அவர்களுக்குத்தான் தணிக்கை, தரவுப் பாதுகாப்பு அதிகாரி போன்ற கூடுதல் கடமைகள். ‘தரவுப் பாதுகாப்பு அதிகாரியை உடனே நியமிக்கணும், இல்லைன்னா எங்க ஆளை வெச்சுக்குங்க’ என்று பெட்டிக் கடைக்காரரிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை.

அந்த ரூ.250 கோடி?

சட்டத்தின் அட்டவணையில் இருப்பதுதான். ஆனால் அது உச்ச வரம்பு. தனிநபர் தரவு கசியாமல் இருக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி ‘வரை’. கசிந்ததைச் சொல்லாமல் மறைத்தால் ரூ.200 கோடி வரை. பதிவு செய்யாததற்கு அபராதம் என்று அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

அபராதம் போடுவதும் எடுத்த எடுப்பில் நடக்காது. வாரியம் விசாரிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும், மீறல் எவ்வளவு தீவிரமானது, எவ்வளவு காலம் நீடித்தது, சரிசெய்ய என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். அதன் பிறகும் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். வசூலாகும் அபராதம் போய்ச் சேரும் இடம் இந்தியத் தொகுப்பு நிதி. யாரோ ஒருவரின் யுபிஐ க்யூஆர் கோடு அல்ல.

அப்படியானால் கடைக்காரருக்கு வேலையே இல்லையா?

உண்டு. பதிவு இல்லை என்பதை, சட்டமே நமக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் நம்பர்களுக்குச் சட்டம் பொருந்தாது. வியாபாரத்துக்காக போனிலோ கம்ப்யூட்டரிலோ வைத்திருந்தால் பொருந்தும். நோட்டில் எழுதியதைப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினால் அதுவும் சேரும். வெறும் நோட்டாகவே இருந்தால் சேராது. ஸ்டார்ட்அப் உள்பட சில வகை நிறுவனங்களுக்குச் சில கடமைகளில் விலக்கு தர மத்திய அரசுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நடைமுறையில் இது மிரட்டல் கடிதம் சொல்கிற அளவுக்குப் பயங்கரமானது இல்லை. சட்டமே ஒரு உதாரணம் தருகிறது. மருந்துக் கடையில் மருந்து வாங்கும் பெண், பணம் வந்ததற்கு மெசேஜ் அனுப்பச் சொல்லித் தானாகவே போன் நம்பர் கொடுக்கிறார். அந்த ரசீது மெசேஜுக்காகக் கடைக்காரர் நம்பரைப் பயன்படுத்தலாம், தனியாக ஒப்புதல் படிவம் தேவையில்லை. ஆனால் ரசீதுக்காக வாங்கிய நம்பருக்கு தினமும் ஆஃபர் மெசேஜ் அனுப்பினால் கதை வேறு. அதற்கு ஒப்புதல் கேட்க வேண்டும். கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்பட அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வசதி இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். தேவை முடிந்த விவரங்களை அழிக்க வேண்டும். தரவு கசிந்துவிட்டால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்துக்குள்.

மண்டிக்காரர் இன்றைக்கே செய்யக்கூடியது, விவசாயிகளின் ஆதார் நகல், பாஸ்புக் போட்டோ எல்லாம் யார் யார் போனில் கிடக்கிறது என்று பார்ப்பது. வேலையை விட்டுப் போன பையனின் போனில் இருக்கிறதா? விலை போடுகிற குரூப்பில் யாராவது கணக்கு எண்ணைப் பகிர்ந்திருக்கிறார்களா? இதற்கு எந்த ஏஜென்சியும் வேண்டாம்.

இந்தக் கடிதங்களில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘பதிவுக்கு’ என்று பான் கார்டு, ஆதார், கேன்சல் செய்த செக், சில சமயம் வாடிக்கையாளர் பட்டியல் வரை கேட்கலாம். கொடுத்தால், தரவைப் பாதுகாக்கும் சட்டத்தின் பெயரைச் சொல்லியே ஒருவர் மொத்தத் தரவையும் அள்ளிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். மேல்மலை விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

ஆலோசனை நிறுவனங்கள் எல்லாமே மோசடியா?

இல்லை. சட்டத்தைப் புரிந்துகொள்ள, படிவங்கள் தயாரிக்க, சாஃப்ட்வேர் வைக்க உதவி செய்து காசு வாங்குவது நேர்மையான தொழில்தான். ‘நாங்கள் தனியார் நிறுவனம், இந்தச் சேவைக்கு இவ்வளவு’ என்று முதல் வரியிலேயே சொன்னால் பிரச்சினை இல்லை. வேண்டும் என்றால் வாங்கலாம், வேண்டாம் என்றால் விடலாம். விளம்பரத்தை அரசு நோட்டீஸ் போல உடுத்தி அனுப்பும்போதுதான் அது ஏமாற்று. ‘அரசு அங்கீகாரம் பெற்ற தரவுப் பாதுகாப்புச் சான்றிதழ்’ என்று பிரேம் போட்டு மாட்டச் சொல்லித் தருவதும் அதே ரகம். சாதாரணக் கடைகளுக்கு அப்படி ஒரு கட்டாயச் சான்றிதழ் கிடையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அரசு இணையதள முகவரிகள் டாட் ஜிஓவி டாட் இன் அல்லது டாட் என்ஐசி டாட் இன் என்று முடியும். நடுவில் ஜிஓவி என்று இருந்து கடைசியில் டாட் காம், டாட் ஆர்க் என்று முடிந்தால் அது அரசுத் தளம் இல்லை. இந்த வித்தியாசத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

பணம் யார் பெயருக்குப் போகிறது என்பதை யுபிஐயில் பின் நம்பர் போடும் முன்பே ஆப் காட்டும். அங்கே தனிநபர் பெயரோ, ‘கன்சல்டன்சி’, ‘சர்வீசஸ்’ என்றோ வந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம். சின்னம், முத்திரை, கையெழுத்து இதையெல்லாம் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு ஒரு ஜெராக்ஸ் கடையிலேயே அதைச் செய்துவிட முடியும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மத்திய மறைமுக வரி அதிகாரிகள் அனுப்பும் கடிதங்களில் ‘டின்’ எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்று 2019 நவம்பர் 8 முதல் நடைமுறை உள்ளது. அந்த எண்ணைத் துறையின் தளத்தில் போட்டால் கடிதம் அசலா என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டி போர்ட்டல் வழியாக வரும் நோட்டீஸ்களில் ஆர்எஃப்என் என்ற குறிப்பு எண் இருக்கும், அதையும் சரிபார்க்கலாம். எந்தத் துறைக் கடிதம் வந்தாலும், அதில் உள்ள போன் நம்பரைக் கூப்பிட்டு ‘நிஜமா’ என்று கேட்பதில் பயனில்லை. எடுப்பவர் ‘ஆமா சார், நிஜம்தான்’ என்றுதான் சொல்வார். ஆடிட்டரிடம் காட்டலாம். தேனியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். வியாபாரிகள் சங்கத்தில் ஒருவருக்கு வந்திருந்தால் அநேகமாக இன்னும் பத்துப் பேருக்கும் வந்திருக்கும், விசாரித்துப் பார்க்கலாம்.

பணம் கட்டிவிட்டால்?

ஆன்லைனில் கட்டியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. ‘சாயங்காலம் கடையைச் சாத்திட்டுப் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அதன்பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதியலாம். பணம் கட்டாமல் சந்தேகக் கடிதம் மட்டும் வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வந்திருந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். சேவை என்ற பெயரில் ஏமாற்றினார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அரசு ஊழியர் போல நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 204ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை. ஏமாற்றுதலுக்கு 318ஆவது பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர், போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும். தபாலில் வந்திருந்தால் கடிதத்தோடு கவரையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். எந்தத் தபால் நிலையத்தில், எந்தத் தேதியில் போட்டது என்ற முத்திரை அதில்தான் இருக்கும்.

ஜெர்மனி ஃபேக்ஸ் மாதிரி, தெரியாமல் கையெழுத்துப் போட்டு ‘3 வருஷ ஒப்பந்தம்’ என்று மாட்டிக்கொண்டவர்கள் அடுத்தடுத்த தவணையைப் பயந்து கட்ட வேண்டியதில்லை. மோசடியால் பெற்ற சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்துகொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இடம் தருகிறது. ரத்து செய்வதாக எழுத்தில், டெலிவரி ஆதாரத்தோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புவது நல்லது. யுபிஐ ஆட்டோபே போட்டுக் கொடுத்திருந்தால் ஆப்பிலேயே அதை ரத்து செய்யலாம். செக் கொடுத்திருந்தால் அது வங்கிக்கு வருவதற்குள் ‘ஸ்டாப் பேமென்ட்’ எழுதிக் கொடுக்க வேண்டும்.